பாப்பாத்தி அனுப்பிய செண்டுமல்லி இலைகள்

அன்பு மகள் பாப்பாத்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடு கன்று எல்லாரும் நன்றாக இருக்கிறோம். கடிதம் என்றால் அடுத்த வரியில் உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும். எனக்கு அந்த ஆவல் இல்லை. செம்மேட்டுச் சந்தைக்கு வந்த உங்கள் ஊர்ப் பொன்னம்மாவிடம் நீ தேக்கிலையில் சுருட்டிக் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்ததுமே உன் நலம் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே உன் செண்டுமல்லிச் செடிகளிலிருந்து கிள்ளிய இலைகள், மூன்று தினுசு. தினுசுக்குத் தினுசு தனியாக நாரால் கட்டியிருந்தாய். உனக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்கூடம் நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது நீ களை வெட்டப் போகிற பெண்ணாகிவிட்டாய். ஆனாலும் கேட்க வேண்டியதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக் கேட்டுவிட முடியாது. என் செடிக்கு என்ன அப்பா என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நான் எழுதுவதை உனக்கு வாசித்துக் காட்டப் போகிறவர் மாப்பிள்ளைதான் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. ஆகவே மாப்பிள்ளை, உங்களுக்கும் என் அன்பு. இதை எடுத்ததும் உங்கள் அம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வாசியுங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் கும்பிடு, அவருக்கும் இதில் சேதி இருக்கிறது. ஒரு வரியையும் விழுங்காமல் வாசிக்க வேண்டும். நீங்கள் முன்னாலேயே தனியாக ஒருமுறை படித்துப் பார்த்திருப்பீர்கள். பரவாயில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பொன்னம்மா பொட்டலத்தோடு ஒரு பேச்சையும் கொண்டுவந்தாள். அவள் சுமையை இறக்கிவைத்து, வெற்றிலை போட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, உங்க புள்ளைக்குக் கைராசி இல்லீன்னு ஊருக்குள்ள பேச்சா இருக்குதுங்க. நட்ட செடி அத்தனையும் சாம்பப் பூத்தாப்பல நிக்குது. பண்டிகைக்குப் பூ வராது போல. வெதைப்புக்கும் பெரிய மருமவ கையிலயே வெதையக் குடுத்துப்போடறேன்னு மாமியா சொல்லீட்டாங்க." நான், "எம்புள்ள என்ன சொல்லுச்சு?" என்று கேட்டேன். "அது ஒண்ணுஞ் சொல்லுல்லீங்க. கேட்டாச் சிரிக்குது. குடம் குடமாத் தண்ணி ஊத்தீட்டே இருக்குது" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் சந்தையில் வாங்க வந்த உப்பை மறந்து வீடு வந்து சேர்ந்தேன். உன் அம்மாவிடம் அதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உங்கள் வாழவந்தி நாட்டு வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. புது மருமகள் வந்த வீடுதான் அந்த வருடம் சித்திரைப் பண்டிகைக்கு அம்மனுக்குப் பூக் கொடுக்க வேண்டும், அதுவும் அவளே நட்டு வளர்த்த செடியின் பூவாக இருக்க வேண்டும் என்பது அழகான வழக்கம். பண்டிகை முடிந்து மழை விழுந்ததும் சாமை விதைப்பின் முதல் கைப்பிடியை அவள் கையில் கொடுப்பதும் நல்ல மரியாதைதான். தை மாதம் கல்யாணம் முடிந்து நீ கிளம்பியபோது மடியில் செண்டுமல்லி விதையைக் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். நகையை மறந்தாலும் மறப்பாள், விதையை மறக்கமாட்டாள் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அந்த விதை முளைத்து, பறித்து நட்டு, முழங்கால் உயரம் வந்தபிறகு இலை கெட்டிருக்கிறது. கெட்டதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடாமல் உன் கையைப் பார்த்தார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று நினைக்காதே. உன் அத்தை, என் தங்கை, அவளை நீ பார்த்திருக்கிறாய். விதைப்பு நாளில் எல்லாரும் காட்டில் நிற்கும்போது அவள் மட்டும் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு வரப்பின் ஓரமாய் நிற்பாள். குளிருக்கு அப்படி நிற்கிறாள் என்று சின்ன வயதில் நீ நினைத்து, உன் போர்வையைக் கொண்டுபோய் அவளுக்குப் போர்த்தினாய். குளிர் இல்லை கண்ணு. அவள் வாழப் போன புதிதில் முதல் பிடி அவள் கையால்தான் விழுந்தது. அந்த வருடம் முளைப்பு இல்லை. விதைக் குதிருக்குள் மழைச் சாரல் இறங்கி விதை புழுங்கிப்போயிருந்தது. விதைப்புக்குப் போயிருந்த எனக்குக் குதிரின் மூடியைத் திறந்தபோதே புழுங்கல் வாடை அடித்தது, சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைராசி கெட்டவள் என்று ஒரு வாய் சொன்னது, ஊரே பிடித்துக்கொண்டது. அவள் தலை நரைத்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. விதைக் கூடையைக் கண்டாலே கையை மறைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. என் மகளும் அப்படி ஒரு வரப்பில் போய் நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

சரி, இலைக்கு வருவோம். முதல் கட்டில் இருந்த இலைகளில் வெள்ளைக் கோடு நெளிந்து நெளிந்து ஓடுகிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கோட்டின் முடிவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு புழு படுத்திருக்கும். அது இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்து தின்றுகொண்டே போகிறது. பார்க்கத்தான் பயமாக இருக்கும், செடியைச் சாய்க்காது. அந்த இலைகளைக் கிள்ளி அடுப்பில் போட்டால் முடிந்தது. உனக்கு நினைவிருக்கும், நம் வாசல் செம்பருத்தியில் இலை சுருண்டபோது உன் அம்மா கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். வீட்டில் இருந்த நாம் எல்லாரும் தும்மினோம், செடி தும்மவில்லை. பிறகு நீதான் இலையைப் புரட்டி அடியில் அப்பியிருந்த பேன் கூட்டத்தைக் காட்டினாய். புகையிலைத் தண்ணீரில் சோப்பைக் கரைத்துத் தெளித்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து உன் அம்மாவும் முதலில் இலையைப் புரட்டிப் பார்க்கிறாள், பிறகு மிளகாய் சுற்றுகிறாள்.

இரண்டாவது கட்டு இன்னும் எளிது. இலை ஓரம் கிழித்தாற்போலக் கடிபட்டிருக்கிறது. கடித்த விளிம்பு காய்ந்து பழுப்பாகிவிட்டது, ஆகவே பழைய கடி. பளபளவென்று ஈரம் காட்டுகிற புதுக் கடி ஒன்றுகூட இல்லை. வெட்டுக்கிளியின் வேலை அது. செடி சின்னதாக இருந்தபோது வந்து தின்றிருக்கிறது, அப்புறம் வரவில்லை. இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பங்குனி மாதம், சுற்றிலும் புல் காய்ந்து கிடக்கிறது, பச்சையாக நிற்பது உன் பாத்தி ஒன்றுதான். அதை விட்டுவிட்டு வெட்டுக்கிளிகள் எங்கே போயின? உன் செடிமேல் இரக்கப்பட்டு அவை விரதம் இருக்குமா? அவற்றை ஏதோ ஒன்று அடியோடு ஒழித்திருக்கிறது. நாம் காலையில் விரட்டினால் சாயங்காலம் திரும்பி வருகிற ஜாதி அது.

மூன்றாவது கட்டைப் பிரித்தபோது உன் அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, எலையவே பாத்துட்டு இருக்கறீங்களே, புள்ள மொகம் எப்படி இருக்குதுன்னு அந்தப் பொன்னம்மாகிட்டக் கேட்டீங்களா?" என்றாள். இலையில் முகமும் தெரிகிறது, சும்மா இரு என்றேன். பச்சை வெளுத்து, ஊசியால் குத்தியதுபோல மஞ்சள் புள்ளி நிறைந்து, இலை முழுவதும் புழுதி படிந்த நிறத்தில் இருந்தது. புரட்டினால் அடியில் மெல்லிய நூலாம்படை. என் வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் இலையைத் தட்டினேன். தூசிபோல விழுந்தவை நடக்க ஆரம்பித்தன. விரலால் தேய்த்தால் செம்பழுப்பாகக் கறை. காப்பித் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆளாக இருந்தபோது இதை நாங்கள் செம்பேன் என்போம். உன் செடியின் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருப்பது இதுதான். நீ வேரில் எத்தனை குடம் ஊற்றினாலும் இலையின் அடியில் இருப்பதற்கு அது எட்டாது. பாவம், உன் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

ஆனால் செம்பேன் எந்தச் செடியிலும் கொஞ்சம் இருக்கும். அதைத் தின்பதற்கென்றே நுணுக்கமான பூச்சிகளும், நீ சின்ன வயதில் கையில் ஏறவிட்டு விளையாடுவாயே, அந்தச் சிவப்புப் பொறிவண்டு மாதிரியான வண்டுகளும் இருக்கும். அவை இருக்கும்வரை செம்பேன் தலைதூக்காது. பிறகு எப்படி இத்தனை பெருகியது என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம், நடு நரம்பின் பள்ளத்தில், வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சாம்பல் நோயாக இருந்தால் ஊதினால் போகாது. இது ஊதியதும் பறந்தது. சுண்ணாம்பு என்றால் நாக்கைச் சுடும் என்று தொட்டுப் பார்க்கப் போனேன், உன் அம்மா கையைத் தட்டிவிட்டாள். நல்லவேளை. மோந்து பார்த்தேன். நம் வீட்டுச் சுவரில் இன்னும் போகாமல் இருக்கிறதே, மலேரியாவுக்காக வீடு வீடாக மருந்தடித்துவிட்டுப் போனார்களே, அதே வாடை. சுவருக்கு அடிக்கிற டி.டி.டி. பொடி உன் செண்டுமல்லிக்கு வந்திருக்கிறது.

இப்போது எல்லாம் வரிசையாகப் புரிந்தது. வெட்டுக்கிளி கடித்தது. யாரோ பொடியைத் தூவினார்கள். வெட்டுக்கிளி செத்தது, கூடவே பொறிவண்டும் செத்தது, செம்பேனைத் தின்கிற மற்றவையும் செத்தன. செம்பேன் மட்டும் அந்தப் பொடிக்குச் சாகாது. காவல் போன வீட்டில் கேட்பானேன், அது இஷ்டத்துக்குப் பெருகிவிட்டது. காப்பித் தோட்டத்து பங்களாவில் ரோஜாச் செடிகளுக்கு இதேபோல் நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொடி தூவிய வாரம் செடிகள் புதிதாகக் குளித்தாற்போல நின்றன. துரைசாணி வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அப்புறம் வெயில் ஏற ஏற இலை முழுவதும் துருப்பிடித்ததுபோல ஆயிற்று. மேஸ்திரி எங்களை வரிசையாக நிறுத்தி, பீச்சாங்குழலால் இலையின் அடியில் தண்ணீர் அடிக்கவைத்தார். நாள் முழுக்க அண்ணாந்தும் குனிந்தும் அடித்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது, ஆனால் ரோஜா பிழைத்தது. அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன், உன் செண்டுமல்லியும் பிழைக்கும். மொட்டு இன்னும் வரவில்லை என்று பொன்னம்மா சொன்னாள், அதுவும் நமக்கு நல்லதுதான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நூலாம்படை கட்டிய இலைகளையெல்லாம் கிள்ளிக் கூடையில் போட்டு உடனே கொளுத்திவிடு, பாத்தியிலேயே உதிர்க்காதே. கிள்ளும்போது நோய் கண்ட செடியைக் கடைசியில் தொடு, இல்லாவிட்டால் உன் சேலையிலேயே அது அடுத்த செடிக்குச் சவாரி போகும். வெயில் ஏறுவதற்கு முன் இலையைப் புரட்டிப் பிடித்து அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடிக்க வேண்டும். மூங்கில் பீச்சாங்குழல் போதும், மாப்பிள்ளைக்கு அதைச் செய்யத் தெரியும். மறுநாளும் அதற்கு மறுநாளும் விடாமல் அடி. இடையில் ஒருநாள் சாமைக் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து, வடிகட்டி, அடிப்பக்கம் நனையத் தெளி. அது காயும்போது பேனையும் சேர்த்து ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கடிதத்தோடு பொன்னம்மாவிடம் கந்தகப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன், நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. அதை மெல்லிய துணியில் முடிந்து, காலைப் பனி இலையில் இருக்கும்போதே செடிமேல் லேசாகத் தட்டு. உச்சி வெயிலில் தட்டினால் இலை கருகும், அப்புறம் அதற்கும் உன் கையைத்தான் சொல்வார்கள். வெள்ளைப் பொடி மிச்சம் இருந்தால் அது சுவருக்கு உரியது, அதை மறுபடி செடியிடம் கொண்டுவர வேண்டாம். பூவைத் தலையில் வைப்பவர்கள் நம் பெண்கள். பழைய இலையெல்லாம் கழிந்து புதுத் துளிர் வந்து, அதில் பூக்கிற பூவையே அம்மனுக்கும் கொடு, தலைக்கும் வை. ஒரு நல்ல நாளில் துளிரில் பொறிவண்டு ஒன்று வந்து உட்காரும். அதைப் பார்த்தால் உன் பாத்தி உன் கைக்குத் திரும்பிவிட்டது என்று தெரிந்துகொள்.

இனி, அந்தப் பொடியைத் தூவியது யார்? நீ இல்லை. நீயாக இருந்தால் பொட்டலத்தோடு ஒரு சிட்டிகை பொடியையும் கட்டி அனுப்பியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். சந்தை முடிந்து செம்மேட்டிலேயே தங்கியிருந்த பொன்னம்மாவை அன்று சாயங்காலம் மறுபடி போய்ப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்டேன். மருந்துக்காரர்கள் வந்தபோது அவர்களுக்கு வழிகாட்டி, தகரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தவர் யார் என்று அவளும் சொன்னாள். தகரத்தின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி வந்து, தன் பெண்டாட்டியின் செடியை வெட்டுக்கிளி தின்கிறதே என்ற தவிப்பில், அவள் ஆற்றுக்குப் போன நேரம் பார்த்துத் தூவியிருப்பார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அவ்வளவு அக்கறை உள்ள மனிதர் என் மகளுக்கு வாய்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் செடி வாடத் தொடங்கிய பிறகு, ஊர் உன் கையைப் பேசத் தொடங்கிய பிறகு, அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை? பயந்திருப்பார். திரும்பி வந்து இலையில் வெள்ளையைப் பார்த்ததும் உனக்கும் புரிந்திருக்கும், நீ ஏன் சொல்லவில்லை? அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வந்திருக்காது. இலையைக் கட்டி எனக்கு அனுப்பத் தெரிந்த நீ, அந்த ஒரு பேரை மட்டும் பொன்னம்மாவிடம்கூடச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றியிருக்கிறாய். உன் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை, சாமி.

இதை எழுதுகிறேன் என்றதும் உன் அம்மா பேனாவைப் பிடுங்க வந்தாள். "மாப்பிள்ளையப் பத்தி ஒண்ணும் எழுதிப்போடாதீங்க. அந்தப் புள்ள அங்கதானே பொழைக்கோணும்" என்றாள். "அவ பொழைக்கோணும்னுதான் எழுதறேன்" என்றேன். "உங்க தங்கச்சிய நெனச்சுட்டு எழுதறீங்க" என்றாள். ஆமாம் என்றேன். அவள் மைக்கூட்டை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, "எழுதுங்க, ஆனா மரியாதையா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். ஆகவே மரியாதையாகவே எழுதுகிறேன்.

சம்பந்தியம்மா, செடி கெட்டது பொடியால், என் மகள் கையால் இல்லை என்பதை மேலே காரணத்தோடு எழுதியிருக்கிறேன். நம்பிக்கை இல்லாவிட்டால் ஓர் இலையைக் கிள்ளி உங்கள் வெள்ளைச் சேலையில் தட்டிப் பாருங்கள். பாப்பாத்தி, விதைப்பு அன்று நானும் உன் அம்மாவும் மலையேறி, இறங்கி, எப்படியும் வாழவந்தி நாட்டுக்கு வந்து சேர்வோம். வரும்போது உன் அத்தையையும் கூட்டி வருவேன். அவள் உன் பக்கத்தில் நிற்க வேண்டும், நீ முதல் பிடியை எடுக்கும்போது அவள் அதைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பாக, அடுத்த சந்தைக்குப் பொன்னம்மாவிடம் எனக்குப் புதுத் துளிர் ஒன்று கொடுத்தனுப்பு. அதிலேயே எல்லாம் படித்துக்கொள்வேன்.

மாப்பிள்ளை, இத்தனை தூரம் விழுங்காமல் வாசித்திருந்தால் நீங்கள் நல்ல மனிதர். உங்கள் அம்மாவுக்கு இப்போது புரிந்திருக்கும். ஆனால் நான் எழுதியது மாமனார் ஊகித்துச் சொன்ன சொல்லாகவே நிற்கும், அதை ஊர் நம்பாது. நீங்கள் சொன்னால் நம்பும். அதனால் பாப்பாத்திக்கு இன்னும் ஒரு வார்த்தை எழுதி முடித்துவிட்டு, இந்தத் தாளில் கீழே பாதியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அந்த இடம் உங்களுடையது. பொடி எப்படி வந்தது, யார் தூவியது என்று அங்கே இருப்பதாக நினைத்துச் சத்தமாக வாசியுங்கள்.

கண்ணு, இதையும் வாசித்து முடித்ததும் உன் வீட்டுக்காரர் ஒன்றும் எழுதாத தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு உதவுகிறேன் என்று நீ குறுக்கே பேசாதே. அவராக வாயைத் திறக்கட்டும்.

அன்புடன்,
உன் அப்பா